குக்கர் விசில் வரல

பொன்னமராவதி,
3 ஜூன் 2025.

மதிப்பிற்குரிய ஷர்லி மேடம் அவர்களுக்கு,

பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் மிக்ஸி, கிரைண்டர், குக்கர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் பிரகதீஸ்வரி எழுதுவது. கடைகளை நெட்டில் தேடினால் முன்னால் வரும்படி செய்து கொடுக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டுப் போன வாரம் புதுக்கோட்டையில் உங்கள் ஆபீஸுக்கு வந்தேன். "போன்ல சொல்லாதீங்க, உக்காந்து ஒரு லெட்டரா எழுதிக் குடுங்க. கடைக்கு வர்றவங்க வாயில என்ன வார்த்தை வருதுன்னு அப்படியே எழுதுங்க" என்று சொல்லி அனுப்பினீர்கள். ஐ.டி.ஐ. முடித்த பிறகு நான் எழுதியதில் நீளமானது ரசீதுதான். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தை என் வீட்டுக்காரர் வசந்தகுமார் கொண்டுவந்து தருவார். அவர் பொன்னமராவதி புதுக்கோட்டை தனியார் பஸ்ஸில் டிரைவர். பதிலையும் அவரிடமே கொடுத்துவிடலாம். தபாலைவிட வேகமாக வந்துவிடுவார். அந்த வேகம்தான் எனக்குக் கவலையும்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். போன் மேப்பில் என் கடை கண்மாய்க்குள் இருக்கிறது. யார் கொண்டுபோய் அங்கே வைத்தார்களோ தெரியவில்லை. நேற்றுக்கூட ஒருவர் கூப்பிட்டு, "மேடம், நான் கரையில நிக்கிறேன். எருமதான் நிக்கிது, கடையக் காணமே" என்றார். அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, ஸ்கூட்டியில் போய் மிக்ஸியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

கடைப் போர்டில் 'ஸ்ரீ விநாயகா எலக்ட்ரிகல்ஸ் அண்டு சர்வீசஸ்' என்று இருக்கிறது. ஆனால் எலக்ட்ரிகல் சர்வீஸ் வேண்டும் என்று கேட்டு ஒருவரும் படியேறியதில்லை. "மிக்ஸி உர்ருங்குது, சுத்த மாட்டேங்குது" என்பார்கள். "கிரைண்டர் மாவக் கக்குது" என்பார்கள். "குக்கர் விசில் வரல" என்பவர்கள்தான் அதிகம். ஒரு அம்மா, "எங்க குக்கருக்குத் தொண்ட கட்டிக்கிச்சு" என்றார்.

மெயின் ரோட்டில் ஒரு பெரிய ஷோரூம் வந்திருக்கிறது. அங்கேயே ரிப்பேரும் பார்க்கிறார்கள். என்னையும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். தீபாவளி வரை பார்ப்பேன். அதற்குள் கடை பிழைக்காவிட்டால் ஷட்டரை இறக்கிவிட்டு அங்கே போய் நிற்க வேண்டியதுதான். எனக்கு அதில் இஷ்டமில்லை. உங்களால் ஆனதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
பிரகதீஸ்வரி.


புதுக்கோட்டை,
6 ஜூன் 2025.

அன்புள்ள பிரகதீஸ்வரி அக்காவுக்கு,

இன்னொரு தடவை 'மேடம்' என்று எழுதினால் உங்கள் கடையைக் கண்மாயிலிருந்து எடுத்துக் கடலில் வைத்துவிடுவேன். நான் உங்களைவிடச் சின்னவள். ஷர்லி போதும்.

உங்கள் கடிதத்தை மூன்று பேருக்கு வாசித்துக் காட்டிவிட்டேன். தொண்டை கட்டிய குக்கரை நினைத்துக் கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். இதற்காகத்தான் அக்கா எழுதச் சொன்னது. நேரில் கேட்டால் எல்லாருமே "நம்ம கடையில எல்லாம் நல்லா இருக்கும்" என்ற ஒரே வரியைத்தான் சொல்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

நான் பார்க்கும் வேலை என்ன என்று அன்று ஆபீஸில் கேட்டீர்கள். என் அப்பா இன்னாசி இன்றுவரை மாதா கோயிலில் எல்லாரிடமும் "மக கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கா" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். உண்மையில் இது கல்யாணத் தரகர் வேலை. அந்தப் பக்கம் ஒருவர் போனை எடுத்து ஒரு வார்த்தையைத் தேடுகிறார். இந்தப் பக்கம் ஒரு கடை அதே வேலையைச் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பேரும் வேறு வேறு வார்த்தை பேசினால் சந்திக்கவே மாட்டார்கள். அவர் 'மிக்ஸி சுத்தல' என்று தேடுகிறார், நீங்கள் 'விநாயகா எலக்ட்ரிகல்ஸ்' என்று உட்கார்ந்திருக்கிறீர்கள். எப்படி முகூர்த்தம் கூடும்?

ஆகவே கடைக்கு 'ஈஸ்வரி மிக்ஸி கிரைண்டர் குக்கர் சர்வீஸ்' என்று பெயர் வையுங்கள். போர்டையும் மாற்றிவிடுங்கள், இரண்டு இடத்திலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். மேப்பில் கடையை நான் கரையேற்றுகிறேன். உங்களுக்கென்று நெட்டில் ஒரு பக்கம் போடுகிறேன். ஜனங்கள் கேட்கிற கேள்வியை அவர்கள் பேச்சிலேயே போட்டு, கீழே உங்கள் பதில். அத்தோடு சின்னதாக ஒரு வீடியோ வேண்டும். குக்கர் விசில் வராவிட்டால் என்ன செய்வது என்று நீங்களே பேச வேண்டும். முகம் தெரிய வேண்டும். முகத்தைப் பார்த்தால்தான் ஜனங்கள் நம்பிப் பொருளைக் கொடுப்பார்கள்.

அன்புடன்,
ஷர்லி.


பொன்னமராவதி,
24 ஜூன் 2025.

அன்புள்ள ஷர்லிக்கு,

கரையேறிவிட்டேன். இப்போது மேப்பைப் பார்த்து வருகிறவர்கள் நேராகக் கடை வாசலில் வண்டியை நிறுத்துகிறார்கள். கண்மாய்க்கரையில் இனி எருமைகள் நிம்மதியாக இருக்கும்.

வீடியோவை என் வீட்டுக்காரர்தான் எடுத்தார். ஆரம்பி என்று சொல்வதற்குப் பதில் "போலாம் ரைட்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்து நான்கு தடவை எடுக்க வேண்டியதாயிற்று. கை மட்டும் தெரிந்தால் போதும் என்று அவரும் சொல்லிப் பார்த்தார். நீங்கள் முகம் வேண்டும் என்றதால் துணிந்து காட்டிவிட்டேன். மூடி ரப்பர் தளர்ந்திருந்தாலும், வெயிட் உட்காருகிற குழாயில் பருப்பு அடைத்திருந்தாலும் விசில் வராது என்று எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொல்லியிருக்கிறேன். ரப்பரை எப்படி மாட்டுவது என்றும் காட்டியிருக்கிறேன்.

மிக்ஸி விஷயத்தில்தான் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி திடீரென்று நின்றால், அடியில் இருக்கும் சிவப்புப் பட்டனை அமுக்கினால் பாதி மிக்ஸி ஓடிவிடும். இதையும் ஊருக்குச் சொல்லிவிட்டால் என் கதி என்ன என்று போனில் கேட்டேன். நீங்கள், "அந்தப் பட்டனச் சொல்லிக் குடுத்த கடைக்குத்தான்க்கா, நெசமா மோட்டார் போகும்போது வருவாங்க" என்றீர்கள். நான் நம்பவில்லை. இருந்தாலும் வீடியோவின் கடைசியில் அதையும் சொல்லிவைத்தேன். போன வெள்ளிக்கிழமை காரையூரிலிருந்து ஒருவர் மூன்று மிக்ஸியோடு வந்து இறங்கினார். "நீங்கதான பட்டன் சொன்னது? நம்ம தெருவுல எல்லாரும் அமுக்கிப் பாத்தோம். இந்த மூணும் அமுக்கியும் ஓடல" என்றார்.

சரி, நீங்கள் சொன்னதுதான் சரி.

அன்புடன்,
பிரகதீஸ்வரி.


புதுக்கோட்டை,
8 ஜூலை 2025.

அன்புள்ள அக்கா,

ஒரு நல்ல சேதி. ஆலங்குடி, கீரனூர், அறந்தாங்கி என்று பல ஊரில் தெரிந்தவர்களை விட்டுத் தேடச் சொன்னேன். 'குக்கர் விசில் வரல' என்றால் எல்லார் போனிலும் உங்கள் முகம்தான் முதலில் வருகிறது! அதிலும் பாதிப்பேர் எழுத்தைத் தட்டுவதே இல்லை. மைக்கை அமுக்கிவிட்டு, பக்கத்து வீட்டில் சொல்வது மாதிரி போனிடம் சொல்கிறார்கள். நீங்கள் 'பிரஷர் குக்கர் பழுது நீக்கம்' என்று எழுதியிருந்தால் அது அவர்களுக்கு வந்தே இருக்காது.

இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை இங்கே வியாபாரிகள் சங்கக் கூட்டம். என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். சென்னை வேலையை விட்டு வந்ததிலிருந்து இப்படி ஒரு மேடைக்குத்தான் காத்திருக்கிறேன். உங்கள் கடையைத்தான் திரையில் போட்டுக் காட்டப்போகிறேன். கண்மாயிலிருந்து ஆரம்பித்துக் காரையூர் மிக்ஸி வரைக்கும். அது பிடித்துவிட்டால் ஊரில் பாதிக் கடை என்னிடம் வரும். வராவிட்டால் அப்பா சொல்வது மாதிரி நிஜமாகவே ஒரு கம்ப்யூட்டர் சென்டரைத் திறக்கலாம்.

திருக்கோகர்ணத்தில் பந்தல் கடை வைத்திருக்கும் ஆவுடையப்பன் அண்ணன் என்று ஒருவர் நேற்று வந்தார். 'கல்யாணம்' என்று யார் தேடினாலும் அவர் கடை முதலில் வர வேண்டுமாம். "அண்ணே, கல்யாணம்னு தேடுறவனுக்குப் பொண்ணுதாண்ணே வேணும், பந்தல் அப்பறம்" என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார். கூட்டத்துக்கு வருவார் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
ஷர்லி.


பொன்னமராவதி,
14 ஜூலை 2025.

ஷர்லிக்கு,

நெட்டிலிருந்து என்னை எடுத்துவிடுங்கள். முகம், பெயர், வீடியோ எல்லாவற்றையும். மறுபடியும் கண்மாய்க்குள் போட்டாலும் சரி.

ஒரு வாரமாக ஒரு நம்பரிலிருந்து போன் வருகிறது. "வணக்கம், சொல்லுங்க" என்பேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு வைத்துவிடுவார்கள். நான் திருப்பிக் கூப்பிட்டால் எடுப்பதில்லை. நேற்று இரண்டு தடவை வந்தது.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. என் ஊர் அறந்தாங்கிப் பக்கம். அப்பா ரத்தினவேல் விவசாயம். நானும் இவரும் வீட்டில் சம்மதிக்காமல் கல்யாணம் செய்துகொண்டோம். இவர் வேறு ஆளுங்க. அந்த வாரமே என் பெரியப்பா வீட்டு ஆட்கள் இவர் ஓட்டிய பஸ்ஸை நடுரோட்டில் மறித்துக் கண்ணாடியை உடைத்தார்கள். அப்பா அவர்களோடு போகவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. "எனக்கு இனிமே மக இல்ல" என்று சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகுதான் மாவட்டத்தின் இந்தக் கோடிக்கு வந்து, என் பெயர் இல்லாத ஒரு போர்டை மாட்டிக் கடை போட்டேன். ஒன்பது வருஷமாக ஒரு தொந்தரவும் இல்லை.

உங்கள் வீடியோ அறந்தாங்கியிலும் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இவருடைய பஸ் திரும்பி வருகிற வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை என்று தெரியும். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பிரகதீஸ்வரி.


புதுக்கோட்டை,
15 ஜூலை 2025.

அன்புள்ள அக்கா,

அண்ணன் கீழே டீ குடித்துக்கொண்டிருக்கிறார். அவர் பஸ்ஸை எடுப்பதற்குள் இதை எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

வீடியோவை எடுத்துவிட்டேன். முகம் இருந்த படங்களையும் எடுத்துவிட்டேன். உங்கள் நம்பருக்குப் பதிலாக என் நம்பரைப் போட்டிருக்கிறேன். இனிக் கடைக்கு வரும் புதுப் போன் எல்லாம் எனக்குத்தான் வரும். யார், எந்த ஊர், என்ன பொருள் என்று கேட்டுவிட்டு உங்களுக்குச் சொல்கிறேன். ஏற்கெனவே நம்பரைக் குறித்துக்கொண்டவர்களை மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. உங்களிடம் பொய் சொல்ல மனசில்லை.

முகத்தைக் காட்டச் சொன்னவள் நான். கை மட்டும் போதும் என்று அண்ணன் சொன்னபோதே ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கூட்டத்தைப் பற்றி நினைக்காதீர்கள். வாய் இருக்கிறது, எதையாவது பேசிவிடுவேன். மறுபடியும் அந்தப் போன் வந்தால் எனக்குச் சொல்லுங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்து உங்கள் கடையில் உட்கார்ந்துவிடுகிறேன். அவர் பேச ஆரம்பித்தால் எந்த வம்புக்காரனும் அரை மணி நேரம் தாங்க மாட்டான்.

தைரியமாக இருங்கள்.
ஷர்லி.


பொன்னமராவதி,
28 ஜூலை 2025.

அன்புள்ள ஷர்லி,

இந்தக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

வியாழக்கிழமை இவர் புதுக்கோட்டையிலிருந்து ஒரு சாக்குப் பொட்டலத்தோடு வந்தார். அறந்தாங்கி பஸ்ஸில் வந்த பார்சலாம். மேலே கடைப் பெயரும் ஊரும் மட்டும் எழுதியிருந்தது, அனுப்பியவர் பெயர் இல்லை. பிரிக்கவே பயமாக இருந்தது. இவர்தான் பிரித்தார். உள்ளே ஒரு குக்கர்.

கைப்பிடியைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஐ.டி.ஐ. முதல் வருஷத்தில் நான் மாட்டிய கைப்பிடி அது. சரியான ஸ்க்ரூ கிடைக்காமல் சைக்கிள் ஸ்க்ரூவைப் போட்டு முடுக்கியிருந்தேன். அம்மா இத்தனை வருஷமும் அதை மாற்றவே இல்லை. மூடியைத் திறந்தால் உள்ளே நிறைய அரிசி முறுக்கு. பாத்திரத்தை வெறுமனே அனுப்பக் கூடாது என்பாள். முறுக்கு நொறுங்காமல் இருக்க, சுற்றிலும் பழைய பாவாடைத் துணி வைத்திருந்தாள்.

நான் அழுதேன். இவர் முறுக்கைத் தின்றுகொண்டே, "இதுல பயப்பட என்ன இருக்கு?" என்றார்.

ரப்பரை மாற்றினேன், குழாயைக் குத்தி விட்டேன். உள்ளே நம் பக்கத்து முந்திரிப் பருப்பை நிரப்பி, மறுநாள் பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பினேன். நேற்று மத்தியானம் அந்த நம்பரிலிருந்து போன் வந்தது. நான், "அம்மா" என்றேன். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் அம்மா சொன்னது இதுதான்:

"ஏண்டி, அந்த வீடியோ இப்ப வரவே மாட்டேங்குது. ரப்பர எந்தப் பக்கமா மாட்டுறதுன்னு மறந்துபோச்சு."

ஷர்லி, ஒன்பது வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு! நான் சிரிக்கவா அழவா? எப்படிக் கிடைத்தேன் என்று கேட்டேன். குக்கர் விசில் வரவில்லை என்று போனில் மைக்கை அமுக்கிச் சொன்னாளாம். "ஒரு நிமிசத்துல நீ வந்து நிக்கிற. போன என்ன செய்யிறதுன்னு தெரியாம முந்தானைக்குள்ள ஒளிச்சுக்கிட்டேன்" என்றாள். பிறகு தினமும் கூப்பிடுவாளாம், நான் வணக்கம் சொல்லும் குரலைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவாளாம். "ஒங்கப்பாவுக்குத் தெரிஞ்சா வீடு ரெண்டாப்போயிரும், சத்தம் போடாத" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அந்த வீடியோவை மறுபடியும் போட்டுவிடு. முகத்தோடு. அம்மா ரப்பர் மாட்ட வேண்டும்.

உன் கூட்டம் என்ன ஆயிற்று? நான் கெடுத்துவிட்டேன் என்று இவர் தினமும் சொல்கிறார்.

உன் அக்கா,
பிரகதீஸ்வரி.

('நீ' என்று எழுதிவிட்டேன். அடிக்க மனசில்லை.)


புதுக்கோட்டை,
30 ஜூலை 2025.

அன்புள்ள அக்கா,

'நீ'யை அடித்திருந்தால்தான் கோபித்திருப்பேன்.

வீடியோவைப் போட்டாயிற்று. உங்கள் நம்பரையும் திரும்பப் போட்டுவிட்டேன். அம்மாவிடம் சொல்லுங்கள், ரப்பர் மாட்டும் இடம் இரண்டாவது நிமிஷத்தில் வருகிறது.

கூட்டத்தைக் கேட்டீர்கள். திரையில் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. வெறும் திரைக்கு முன்னால் நின்றேன். பிறகு என்ன தோன்றியதோ, "எல்லாரும் போனை எடுங்க. ஒங்க கடைக்கு வர்றவங்க வாசல்ல நின்னு என்ன கேப்பாங்களோ, அதையே மைக்ல சொல்லுங்க" என்றேன். அப்புறம் பாருங்கள், ஹால் முழுக்க, "ஜாக்கெட் அவசரம்", "செருப்பு அந்துபோச்சு", "பல்லு வலி தாங்கல" என்று ஒரே கூப்பாடு! யார் போனிலும் அவரவர் கடை வரவில்லை. முன்வரிசையில் ஆவுடையப்பன் அண்ணன் எழுந்து நின்று, "நாளன்னைக்கு விசேசம், பந்தல் வேணும்" என்று கத்தினார். அவர் போனில் மதுரைக் கடை ஒன்று வந்தது. "மருதக்காரன் என் தெருவுக்கு வாரானா?" என்று அன்று மாலையே என் படியேறிவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே வேலைதான் கொடுத்திருக்கிறேன். லெட்டர் எழுதுங்கள்!

எனக்கும் முறுக்கு வேண்டும்.

அன்புடன்,
ஷர்லி.


பொன்னமராவதி,
22 ஆகஸ்ட் 2025.

அன்புள்ள ஷர்லி,

முறுக்கு இவர் கையில் அனுப்பியிருக்கிறேன். வழியில் குறைந்திருந்தால் நான் பொறுப்பல்ல.

எங்கள் வீட்டுச் சமையலறை ஒவ்வொன்றாக இங்கே வந்துகொண்டிருக்கிறது. ஆடி வெள்ளியன்று மிக்ஸி வந்தது. மோட்டாருக்கு ஒன்றும் இல்லை. ஜார் உட்காருகிற கப்ளர், யாரோ அம்மிக் குழவியால் அடித்த மாதிரி உடைந்திருந்தது. ஜாருக்குள் அதிரசம். அடுத்து இஸ்திரிப் பெட்டி, வயரைக் கத்தரியால் நேர்த்தியாக வெட்டி அனுப்பியிருந்தாள். "எலி கடிச்சிருச்சு" என்றாள் போனில். "எந்த ஊர் எலிம்மா கத்தரி வச்சிருக்கு?" என்றேன். சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். நான் ஒவ்வொன்றையும் சரிசெய்து, உள்ளே எதையாவது வைத்துத் திருப்பி அனுப்புகிறேன். போன தடவை இவர் ஒரு புடவை எடுத்து வைத்தார். மருமகன் எடுத்ததென்று சொல்லாமல், மகளிர் சங்கத்துச் சீட்டில் விழுந்ததாக அம்மா வீட்டில் சொல்லிவிட்டாளாம்.

அப்பா ஒன்றும் கேட்கவில்லையா என்றேன். "அவருக்கென்ன தெரியும், 'என்ன இந்த வீட்டுல எல்லாம் இப்புடிக் கெட்டுப்போகுது'ன்னு மட்டும் கேட்டாரு" என்றாள். எனக்கு உள்ளுக்குள் பயம்தான். ஒருநாள் தெரிந்துவிட்டால் அம்மாவின் பாடு என்ன ஆகும்?

கடை நன்றாக ஓடுகிறது. ஷோரூம்காரர் மறுபடியும் கேட்டார். இந்தத் தடவை வேலைக்குக் கூப்பிடவில்லை. அவர்களால் முடியாத கிரைண்டர்களை என்னிடம் அனுப்பலாமா என்று கேட்டார். அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டேன்.

உன் அக்கா,
பிரகதீஸ்வரி.


புதுக்கோட்டை,
26 ஆகஸ்ட் 2025.

அன்புள்ள அக்கா,

பாதி முறுக்குதான் வந்து சேர்ந்தது. அண்ணன் பள்ளத்தில் பஸ் குலுங்கியதாகச் சொல்கிறார்.

இங்கே மேஜை முழுக்க லெட்டர்கள். பல் டாக்டர் ஒருவர் எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார், முழுக்கத் தன் காலேஜைப் பற்றி. திருப்பி அனுப்பிவிட்டேன். ஆவுடையப்பன் அண்ணன் இரண்டே வரிதான். ஆனால் அருமை: 'மழ வந்தா ஒழுகுமான்னு கேப்பாக. ஒழுகாதும்பேன்.' அதையே அவர் பக்கத்தின் உச்சியில் போட்டுவிட்டேன்.

உங்கள் அம்மாவின் பார்சல் கதையை என் அப்பாவிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, "வீட்டுல இனிமே கிரைண்டர்தான் பாக்கி. அத எப்புடிம்மா பஸ்ல ஏத்துவாக?" என்று கேட்டார். எனக்கும் அதுதான் கவலை.

அன்புடன்,
ஷர்லி.


பொன்னமராவதி,
10 செப்டம்பர் 2025.

என் அன்பு ஷர்லிக்கு,

உன் அப்பா வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது. கிரைண்டர் வந்தது. பஸ்ஸில் இல்லை, குட்டி யானை வேனில். கூடவே என் அப்பா.

திங்கட்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். வாசலில் வேன் வந்து நின்றது. தலையைத் தூக்கினேன். அப்பா ரோட்டில் நின்று போர்டைப் படித்துக்கொண்டிருந்தார். மீசை முழுக்க வெள்ளை. நான் எழுந்தேனா, உட்கார்ந்தே இருந்தேனா, நினைவில்லை. "உள்ள வாங்கப்பா" என்று மட்டும் வாயில் தானாக வந்துவிட்டது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. வேனைப் பார்த்து, "கிரைண்டர் ஓடல" என்றார்.

டிரைவர் பையனும் பக்கத்துக் கடைக்காரரும் சேர்ந்து இறக்கி வைத்தார்கள். பெரிய டில்டிங் கிரைண்டர், எங்கள் வீட்டில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வாங்கியது. பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டேன். கடகடவென்று ஓடியது. நிறுத்திவிட்டு மறுபடியும் போட்டேன். மறுபடியும் ஓடியது.

"ஓடுதேப்பா."

"ம்."

"இதுல ஒண்ணும் இல்லையே."

"எனக்குத் தெரியாதா? காலையில மாவாட்டிட்டுத்தான் ஏத்துனோம்."

"அப்பறம் எதுக்குப்பா இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு..."

"ரிப்பேர் கடைக்கு வெறுங்கையோட வந்து நிக்கச் சொல்றியா?" என்றார். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

ஸ்டூலை எடுத்துப் போட்டேன், உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். அம்மா சொன்னாளா என்று கேட்டேன்.

"ஒங்காத்தா என்னத்தச் சொல்லுவா? மறச்சு மறச்சுக் கட்டுறா. கட்டுறது அவ, ரிப்பேருக்குன்னு குடுத்தா அறந்தாங்கிக்குத் தூக்கிட்டுப் போயி பஸ்ல போடுறது யாரு? நாந்தான? மேல கடைப் பேரு எழுதியிருக்கில்ல. நெதமும் அடுப்படியில நீ பேசுற சத்தம் வேற. எனக்குக் கண்ணுதான் மங்கல். காது நல்லாத்தான் இருக்கு."

அதற்குள் ஒரு அம்மா மிக்ஸியோடு வந்துவிட்டார். "நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு, பட்டுனு நின்னுபோச்சு" என்றார். நான் வாயைத் திறக்கும் முன்னால் அப்பா, "அடியில செவப்புப் பட்டன் இருக்கும், அமுக்கிப் பாத்தியா தாயி?" என்றார். நான் பக்கத்து அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஸ்பேனர் தேடுவது போல நின்றேன்.

இவருடைய பஸ் வந்தது. காக்கிச் சட்டையோடு சாப்பாட்டுக்கு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அப்பாவும் எழுந்துவிட்டார். இவர்தான் முதலில், "வாங்க மாமா" என்றார்.

அப்பா அவருடைய சட்டையைப் பார்த்தார், பஸ் நிற்கும் பக்கம் பார்த்தார். "அன்னிக்குக் கண்ணாடிய ஒடச்சானுகல்ல. ஒங்களுக்கு அடி பட்டுச்சா?" என்று கேட்டார்.

"இல்லைங்க மாமா. முன்னாடி நின்ன கண்டக்டருக்குத்தான் லேசாக் கீறல்."

"ம்" என்றார். அவ்வளவுதான் அவரால் முடியும் ஷர்லி, எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து, "பஸ்ஸு எப்ப எடுக்கணும்?" என்றார்.

"இன்னும் நேரமிருக்குங்க."

"அப்ப ஒரு கை புடிங்க. இத ஏத்தணும்."

டிரைவர் பையன் ஓடி வந்தான். அப்பா அவனை வேண்டாம் என்று கையைக் காட்டினார். மாமனாரும் மருமகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, வேட்டியும் காக்கியும் மாவுக்கறையாக, அந்தக் கிரைண்டரைத் தூக்கி வேனில் வைத்தார்கள். நான் சும்மா நின்று பார்த்தேன். பிடிக்க எனக்கு இடமே விடவில்லை.

சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொன்னேன். இன்னொரு நாள் என்றார். வேனில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திவிட்டு, ஜன்னல் வழியாகச் சொன்னார்:

"தோட்டத்துல போர் மோட்டார் மக்கர் பண்ணுது. அதத் தூக்கியார முடியாது. நீங்க ரெண்டு பேருந்தான் வந்து பாக்கணும்."

போர் மோட்டார் பார்ப்பதில்லை என்று நெட்டில் நம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறோம். நான் வாயைத் திறக்கவில்லை. இவர்தான், "ஞாயித்துக்கெழம வாரோம் மாமா" என்றார்.

ஆகவே ஷர்லி, ஒரு சின்ன வேலை. வருகிற பதினாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை என்று நெட்டில் மாற்றிவிடு. மறந்துவிடாதே, ஜனங்கள் தேடி வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போகக் கூடாது. காரணம் எழுத இடம் இருந்தால், 'வெளியூர் வேலை' என்று போடு.

வேண்டாம். 'ஊருக்குப் போகிறோம்' என்று போடு.

உன் அக்கா,
பிரகதீஸ்வரி.